மடிப்புக் கலையாத சட்டை

கதவு திறக்க நேரமாயிப்போச்சுன்னு கோவிச்சுக்காதீங்க அம்மணி. உள்ளதான் இருந்தேன். மொதல் தடவை தட்டுனதும் கேட்டுது, ரெண்டாவது தட்டுனதும் கேட்டுது. சன்னல் சந்துல ஆருன்னு பாத்துப்போட்டுத்தான் திறக்கறது. அப்படியே பழகிப்போச்சுங்க. வாங்க, அந்தச் சேர்ல உக்காருங்க. இருங்க, அதுமேல கிடக்கற துணிய இக்கட்டால எடுத்து வெச்சுக்கறேன். எங்க வீட்டுத் துணிதானுங்க.

வெக்கையா இருக்குதுங்களா? இஸ்திரிப் பொட்டி சூடு. இப்பத்தான் சுச்சை நிறுத்துனேன். பேனைப் போடறேன்.

கார்டெல்லாம் காட்ட வேண்டாமுங்க, கையில டேப்பைப் பாத்ததுமே தெரிஞ்சுக்கிட்டேன். வேலைக் கணக்கெடுப்புதானே? போன கார்த்திகைல கண்ணாடி போட்ட தம்பி ஒருத்தரு வந்திருந்தாப்ல. ஆமாங்க, ஆறுச்சாமி நான்தான். வயசு நாப்பத்தொம்பது. இந்தக் குறிஞ்சி வீதி சங்கத்துச் செயலாளர். சம்சாரம் சாந்தாமணி வெளிய போயிருக்கறா. ஒரே பொண்ணு, ஜாதகம் எடுத்திருக்கறோம்.

என்ன கேட்டீங்க? போன ஏழு நாள்ல ஒரு மணி நேரமாச்சும் வேலை செஞ்சீங்களாவா?

அதுக்குச் சொல்றேன். சொல்றதுக்கு முன்னால, போன தடவை நான் சொன்னதுல ஒண்ணைத் திருத்தோணும். முடியுங்களா? பழசைத் தொட முடியாதா? அட, என்னுங்க அம்மணி, விரல்ல தள்ளுனா உலகமே வருது, நான் சொன்ன ஒரு பொய்யை அழிக்க முடியாதுங்கறீங்க. சரி, காதுலயாச்சும் வாங்கிக்கங்க. டீ வெக்கட்டுமா? நானே வெப்பேன், இப்ப எல்லாம் பழகிக்கிட்டேன். வேண்டாமா, சரி.

நான் மோட்டார் பம்புக் கம்பெனில வைண்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசருங்க. இருந்தேன். செம்புக் கம்பி சுத்தற எடம். இருபத்திரண்டு வருஷம். ஆடிப்பெருக்கு முடிஞ்ச மறுநாள் ஆபீசுக்குக் கூப்புட்டாங்க. டீ குடுத்தாங்க, பிஸ்கட்டு குடுத்தாங்க. பிஸ்கட்டைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சுங்க, இருபத்திரண்டு வருஷத்துல எனக்கு அந்த ரூம்ல ஒரு நாளும் பிஸ்கட்டு வந்ததில்ல. ஆர்டர் இல்லீங்க சார், ரெண்டு ஷிப்டை ஒரு ஷிப்டாக்கறோம், நிலைமை சரியானா கூப்புடறோம்னாங்க. அவ்வளவுதான். வெளிய வந்து வண்டிய ஸ்டார்ட் பண்ணினா கால் உதைக்குது, வண்டி கிளம்பல. சாவியே போடலீங்க நான்.

வேலை போனது ஒரு பக்கம். அதைச் சொல்றதுதான் முடியல. அதைக் கேளுங்க.

இந்த வீதில முப்பத்தி நாலு வீடு. ஒருத்தர் பவுண்டரி, ஒருத்தர் லேத்து, ஒருத்தர் கியர் கம்பெனி, எல்லாம் இப்படித்தான். ஒரே கம்பெனியா இருந்து, ஒரே நாள்ல பூட்டுப் போட்டிருந்தா எல்லாரும் சேந்து வாசல்ல உக்காந்து திட்டியிருப்போம். இது அப்படி இல்லீங்களே. அங்க பத்துப் பேரு, இங்க நாலு பேருன்னு சத்தமில்லாம எடுத்துட்டாங்க. அவனவனுக்கு நமக்கு மட்டுந்தான் போயிருக்குதுன்னு நெனப்பு. நானும் அப்படித்தான் நெனச்சேன். அதுலயும் நான் செயலாளரு. ஒவ்வொரு பொங்கலுக்கும் மைக்கைப் புடிச்சு, உழைச்சாத்தான் உசரலாம்னு பேசறவன். வேலை போச்சுன்னு எந்த வாயில சொல்லுவேன்?

அதுனால என்ன பண்ணினேன்னா, வண்டிய மச்சினன் வீட்டுல கொண்டுபோயி நிறுத்திப்போட்டேன். வண்டி இல்லைன்னா ஆளு டூட்டிக்குப் போயிட்டாருன்னு அர்த்தம். நான் உள்ள. கதவு சாத்தி. டிவி சத்தத்தைக் கூட்ட முடியாது. தும்மல் வந்தா தலகாணில மூஞ்சியப் புதைச்சுத் தும்முவேன். சிரிங்க, சிரிங்க. சாந்தாமணியும் மொத வாரம் சிரிச்சா. ரெண்டாவது வாரம் அழுதா.

இதுல ஒரு சங்கடம், யூனிபாரம். இந்த வீதிக்கு இஸ்திரி போடறவன் வெள்ளியங்கிரி. வாதநாராயண மரத்தடில வண்டி போட்டிருப்பான். இருபது வருஷமா என்ற நீலச் சட்டை திங்கக்கிழமை ரெண்டு, வியாழக்கிழமை ரெண்டு அவங்கிட்டப் போகும். திடீர்னு நிறுத்துனா கேப்பான் இல்லீங்களா? அதுனால பீரோவுல இருக்கற சட்டைய எடுத்து, தண்ணி தெளிச்சு, நல்லாக் கசக்கி, மூட்டை கட்டிக் குடுத்துட்டே இருந்தோம். அவனும் தேச்சுக் கொண்டாந்து குடுத்துட்டே இருந்தான். நானும் மறுபடி கசக்கிட்டே இருந்தேன்.

டிவில பொருளாதாரம் பொருளாதாரம்னு கோட்டுப் போட்டுக்கிட்டு நாலு பேரு கத்தறாங்களே, இந்த வெள்ளியங்கிரியைக் கூப்புட்டு ஒக்கார வெச்சிருந்தா ஒரே வார்த்தைல சொல்லியிருப்பான். எங்க எல்லாத்துக்கும் முன்னால அவனுக்குத்தான் தெரியும். எந்த வீட்டுல சட்டை கொறைஞ்சுது, எந்த வீட்டுல புள்ளைக யூனிபாரம் மட்டும் வருது, எந்த வீட்டுல அதுவும் வர்றதில்லைன்னு. சட்டை கொறைஞ்சா அவன் வண்டி மத்தியானமே மூடும். அவன் முக்குக் கடைல ரெண்டு டீ குடிக்கற எடத்துல ஒண்ணு குடிப்பான். டீக்கடைக்காரன் பால் ஊத்தறவனுக்கு அரை லிட்டர் கொறைப்பான். இப்படியே போகுமுங்க. பேக்கரில தேங்காய் பன்னு வெச்சது வெச்சபடி இருந்துச்சு. நான் சன்னல் சந்துல இருந்து எல்லாம் பாத்துட்டுத்தான் இருந்தேன். பாத்து, அய்யோ பாவம் இந்த வீதிக்கு என்ன ஆச்சுன்னு வேற நெனச்சுக்கிட்டேன். என்ற வீடு மாதிரி வீடுகள்ல இருந்துதான் அது கிளம்புதுன்னு எனக்குத் தோணவே இல்ல பாத்துக்கங்க.

ஐப்பசில ஒரு நாள். காலைல பதினோரு மணி. சாந்தாமணி ரேசனுக்குப் போயிருந்தா. கதவு தட்டுனாங்க. அவதான்னு நெனச்சு, லுங்கியோட போயித் திறந்துபோட்டேன். வெள்ளியங்கிரி நிக்கறான், தேச்ச துணியோட. திங்கக்கிழமை, பதினோரு மணி, டூட்டி நேரம், நான் லுங்கில. என்ற மூஞ்சில ஈயாடலீங்க.

அவன் துணியக் கையில குடுத்தான். குடுத்துப்போட்டு, வீதிய ஒருக்கா இப்படித் திரும்பிப் பாத்துக்கிட்டு, மெதுவாச் சொன்னான்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. இந்தச் சட்டை அழுக்காகறதில்லீங்க. நான் போட்ட மடிப்பு அப்படியே இருக்குது. இனிமேல் தண்ணி தெளிச்சுக் கசக்க வேண்டாமுங்க, துணி நொந்துபோகும். நான் திங்கக்கிழமை வந்து சும்மா வாங்கிட்டுப் போறேன், பொழுதோட சும்மா கொண்டாந்து குடுத்தர்றேன். பாக்கறவங்க பாத்துக்கட்டும். காசு வேண்டாமுங்க."

அம்மணி, இன்னைக்கு அதை நெனச்சா எனக்கு நாக்கைப் புடுங்கிக்கலாம்னு இருக்குது. அன்னைக்கு என்ன பண்ணினேன் தெரியுங்களா? கத்துனேன். "எனக்கு யோசனை சொல்ற அளவுக்கு வந்துட்டியாடா? ஒழுங்காத் தேக்கறதில்ல, பேச்சு மட்டும் வந்திருச்சு. இனிமேல் இந்த வாசப்படி மிதிக்காதே"ன்னேன். அந்த ஆளு என்னைவிடப் பத்து வயசு மூத்தவனுங்க. சரிங்க சார்னு சொல்லிப்போட்டு, செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டான்.

அதுக்கப்பறம் எனக்குத் தூக்கம் போச்சு. வேலை போனப்பக்கூட இப்படி இல்ல. அவனுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும்னு ஒரே எண்ணம். இஸ்திரி வண்டிகிட்ட நாலு பேரு நின்னு பேசுனா என்னைப் பத்தித்தான்னு நெனப்பேன். ஆராச்சும் சிரிச்சா என்னைப் பாத்துத்தான்னு நெனப்பேன்.

அந்த நேரத்துலதான் கண்ணாடித் தம்பி வந்தாப்ல. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், அந்தக் கணக்கெடுப்புல வேலை போனவங்க பேரு மட்டுமில்ல, அவங்களை நம்பிப் பொழைச்சு நொடிச்சுப்போனவங்க பேரும் எழுதுனாங்க. டீக்கடை, ஆட்டோ, இஸ்திரி எல்லாம். பட்டியல்ல பேரு வந்தா புள்ளைகளுக்குப் படிப்புச் செலவை கவர்மெண்டே பாத்துக்கறதுன்னு ஏற்பாடு. வெள்ளியங்கிரி மக தாரணி பாலிடெக்னிக்ல ரெண்டாம் வருஷம். அவன் பேரு குடுத்திருந்தான். தம்பி என்கிட்ட வந்து, "சங்கத்துச் செயலாளர் நீங்கதான் ஒரு வார்த்தை சொல்லோணுங்க. இந்த வீதில நெறையாப் பேருக்கு வேலை போயிட்டதால துணி வர்றதில்லைன்னு அவரு சொல்றாரு, நெசமுங்களா?"ன்னு கேட்டாப்ல.

வேலை போயிருக்குதுன்னு சொன்னா அடுத்த கேள்வி என்ன? எந்தெந்த வீடு. மொத வீடு எது? இந்த வீடு.

நான் சட்டைய மாட்டிக்கிட்டு, நெஞ்சை நிமித்திச் சொன்னேன். "எங்க வீதில வேலை இல்லாதவன் ஒருத்தனும் இல்லீங்க தம்பி. நானே இன்னைக்கு ஆப் டேதான், மத்தியானம் போகோணும். இந்த ஆளு சோம்பேறி. பத்து மணிக்கு மேலதான் வண்டிய எடுப்பான், துணியக் கருக்கிப்போடுவான், அதுனால ஜனங்க போடறதில்ல." சொன்னது மட்டுமில்லீங்க. எழுதியே குடுத்தேன். சங்கத்து லெட்டர்பேடுல, சீல் வெச்சு, பச்சை இங்க்ல கையெழுத்துப் போட்டு. பச்சை இங்க்ல ஆபீசருங்கதான் போடுவாங்கன்னு தெரியும், ஒரு கெத்துக்கு நானும் அதுலதான் போடுவேன்.

பொண்ணுக்கு ஜாதகம் எடுத்திருக்கற நேரம், அப்பனுக்கு வேலை இல்லைன்னு தெரிஞ்சா எவன் வருவான்னு சாந்தாமணிகிட்டச் சொன்னேன். நெசம் அதில்லீங்க. அவனைப் பொய்யனாக்கிப்போட்டா, நாளைக்கு அவன் என்னைப் பத்திச் சொன்னாலும் எடுபடாதுன்னு ஒரு கணக்கு. இதை நான் இன்னைக்கு வரைக்கும் ஆருகிட்டயும் சொன்னதில்ல.

தை கடைசில வண்டி அங்க இல்ல. பல்லடம் பக்கம் போயிட்டான்னாங்க. மரத்தடில கரி கொட்டுன எடம் மட்டும் கருப்பா இருந்துச்சு. எனக்கு, சொல்றதுக்கே கூசுது, அப்பாடான்னு இருந்துச்சுங்க.

மாசில எங்க வீட்டுலயும் முடியல. கையில இருந்ததெல்லாம் கரைஞ்சுபோச்சு. பட்டியல்ல பேரைச் சேத்துட்டு வந்தாத்தான் ஆச்சுன்னு சாந்தாமணி ஒத்தக் கால்ல நின்னா. சரின்னு உங்க கணக்கெடுப்பு ஆபீசுக்குப் போனேன். ஆரும் பாக்காத வழியாத்தான் போனேன். அங்க ஒரு அம்மா, வயசானவங்க, பைலைப் புரட்டிப்போட்டு, "குறிஞ்சி வீதியா? உங்க வீதில பாதிப்பே இல்லைன்னு சங்கத்துல எழுதிக் குடுத்திருக்கறாங்களே சார்"ன்னாங்க. காயிதத்தைத் திருப்பிக் காட்டுனாங்க. பச்சை இங்க்கு. "ஆருங்க இந்தப் புண்ணியவான்? உங்களுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டாங்க.

நான்தானுங்கன்னு சொன்னேன்.

அந்தம்மா என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க. திட்டியிருந்தாத் தேவலை. பைலை அப்படியே என்ற பக்கம் தள்ளி வெச்சுட்டு, தண்ணி குடிக்க எந்திரிச்சுப் போயிட்டாங்க. என்ற காயிதத்துக்கு அடில இன்னொண்ணு இருந்துச்சு. வெள்ளியங்கிரியோடது. கடைசில குறிப்புன்னு ஒரு கட்டம். அதுல இருந்ததை வரி மாறாமச் சொல்றேன் கேளுங்க. 'பன்னிரண்டு வீடுகளில் வேலை போய்விட்டதாகக் கூறுகிறார். எந்தெந்த வீடு என்று கேட்டதற்கு, அதை அவரவர்தான் சொல்ல வேண்டும் என்று கூறி, பெயர் சொல்ல மறுத்துவிட்டார். சங்கச் செயலாளர் மறுக்கிறார். தகுதி இல்லை.'

அந்தம்மா திரும்பி வந்து சொன்னாங்க. "ஒரே ஒரு பேரு சொல்லியிருந்தாப் போதும் சார். நாங்க கம்பெனில விசாரிச்சு எழுதியிருப்போம். பொண்ணு படிப்பு நிக்கப்போகுதுன்னு அழுதாரு, ஆனா பேரு மட்டும் சொல்லமாட்டேனுட்டாரு."

ஒரே ஒரு பேரு. அவரு கையில என்ற பேரு இருந்துச்சுங்க. கசக்குன சட்டையோட, லுங்கியோட, எல்லாச் சாட்சியோடவும் இருந்துச்சு. வாசப்படி மிதிக்காதேன்னு சொன்னவன் பேரு. மக படிப்பு பெருசா, இவன் மானம் பெருசான்னு கேட்டா, ஆரா இருந்தாலும் சொல்லியிருப்பாங்க. அவரு சொல்லல.

தாரணி இப்ப பனியன் கம்பெனில செக்கிங்குக்குப் போகுதாம். டீக்கடைல சொன்னாங்க. பல்லடம் இங்கிருந்து ஒரு பஸ்தான். போயி அவரு கால்ல விழுந்துட்டு வந்திருக்கலாம். ரெண்டு தடவை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். ரெண்டு தடவையும் திரும்பி வந்துட்டேன். அதையும் சேத்துத்தான் சொல்றேன் உங்ககிட்ட.

இந்தத் துணியா? நீங்க அதையே பாத்துட்டு இருக்கறீங்க. எங்க வீட்டுத் துணின்னு சொன்னேன். இல்லீங்க. எதுத்தாப்ல அடுக்குமாடி வந்திருக்குது பாருங்க, அவங்க துணி. வெள்ளியங்கிரியண்ணன் போனப்பறம் தேக்க ஆளில்லைன்னு தவிச்சுட்டு இருந்தாங்க. சாந்தாமணி ஒரு நாள் மூட்டையோட வந்து நின்னா. நான் குதிச்சேன், எகிறுனேன். அவ பொட்டியச் சுச்சுல மாட்டுனா. நாலு நாள்ல அவ மணிக்கட்டு வீங்கிப்போச்சு. அப்பறம் நான் எடுத்தேன். மொத நாளே ஒரு புள்ளையோட பள்ளிக்கூடப் பாவாடையக் கருக்கிப்போட்டேன். அவரு துணி கருக்குவாருன்னு எழுதிக் குடுத்தேனுங்களே, இருபது வருஷத்துல என்ற சட்டை ஒண்ணுல ஒரு பொட்டு கருகல் கிடையாது. கழுத்துப்பட்டைல ஆரம்பிக்கோணும், அப்பறம் தோளு, அப்பறந்தான் கை. ரெண்டு மணி நேரம் நின்னா கெண்டைக்கால் இழுக்குது. அவரு கரிப்பொட்டியோட வெயில்ல நின்னாரு.

கதவைச் சாத்திக்கிட்டு நான் தேக்கறேன். சாந்தாமணி மூட்டைல கொண்டுபோயிக் குடுத்துட்டு வர்றா. அவ தேக்கறதாத்தான் எல்லாருக்கும் நெனப்பு.

என்னுங்க எழுதறீங்க? சுயதொழிலா? அடக் கடவுளே. ஏழு நாள்ல ஒரு மணி நேரம் செஞ்சாலே வேலைல இருக்கறவர்னு அர்த்தமா? அப்ப உங்க கணக்குல எனக்கு வேலை போகவே இல்லீங்களா? போன தடவை பொய் சொன்னேன், வேலைல இருக்கேன்னு எழுதுனாங்க. இந்தத் தடவை நெசம் சொல்றேன், அதுக்கும் வேலைல இருக்கேன்னு எழுதறீங்க. அவரு மட்டும் எதுலயும் இல்ல. அவரு பொழைப்பைத்தான் என்ற பேருக்கு நேரா எழுதியிருக்கறீங்க, தெரிஞ்சுக்கங்க.

ஸ்... சித்த இருங்க. வாசல்ல ஆரோ.

"ஆரு, தண்டபாணி சாருங்களா? ஆமாங்க, வீட்டுலதான் இருக்கேன். இன்னைக்கு லீவு போட்டுட்டேனுங்க! ஒறம்பரை வந்திருக்கறாங்க! நீங்க? ஆப் டேயா? சரிங்க, சரிங்க."

போயிட்டாரு.

பாத்தீங்களா அம்மணி. ஒரு மணி நேரமா உங்ககிட்ட எல்லாத்தையும் கொட்டுனேன். ஒருத்தரு வாசல்ல நின்னு ஒரு வார்த்தை கேட்டதும் பொய் தானா வருது. உங்களைச் சொந்தக்காரங்களாக்கிப்போட்டேன். மன்னிச்சுக்கங்க.

அடுத்தாப்ல அந்த வீட்டுக்குத்தான் போவீங்க. போறதுக்கு முன்னால ஒண்ணு காட்டறேன். இந்தப் பழுப்புச் சட்டை. ஒரு கம்பெனி யூனிபாரம். பாக்கெட்டுல பேரு தச்சிருக்குது, கையால மறைச்சுக்கறேன், நீங்க பாக்க வேண்டாம். கழுத்துப்பட்டையப் பாருங்க, ஒரு சொட்டு வேர்வைக் கறை இருக்குதா? எண்ணெய்ப் பிசுக்கு இருக்குதா? தண்ணி தெளிச்சுக் கசக்கியிருக்குது. உள்ள நான் போன வாரம் போட்ட மடிப்பு அப்படியே இருக்குது. அந்த வீட்டம்மா பின்வாசல் வழியா சாந்தாமணிகிட்டக் குடுத்தாங்க. பொம்பளைகளுக்கு எல்லாம் தெரியுமுங்க. நாங்கதான் ஒருத்தருக்கொருத்தர் நடிச்சுட்டுத் திரியறோம்.

என்ற பேரை நல்லாப் பெருசா எழுதுங்க. ஆறுச்சாமி, வைண்டிங் சூப்பர்வைசர், ஆடி மாசமே வேலை போச்சு, எழுதிக் குடுத்தது பொய்யின்னு. இந்த வீட்டைத் தவிர வேற எந்த வீடுன்னு கேக்கறீங்களா?

அது அவங்கவங்க சொல்லோணுமுங்க. நான் பொழுதோட இந்தச் சட்டைக்காரரு வீட்டுக்குப் போயி என்ற கதையச் சொல்லிப் பாக்கறேன். நெசமா போவேனான்னு தெரியல, போகோணும்னு இருக்கேன். இப்போதைக்கு அந்தக் குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்குமே, அதுல எழுதிக்கங்க. பெயர் சொல்ல மறுத்துவிட்டார்னு.